எண்ணெய் ஒழுகினால் எங்கே பார்ப்பது? – பழைய எம்எக்ஸ்-5 வைத்திருப்போரின் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில் முதல் தலைமுறை மஸ்டா எம்எக்ஸ்-5 காரைப் பற்றி எழுதியபோது, அதன் பராமரிப்பு வேலைகளில் பெரும்பாலானவற்றை உரிமையாளரே வீட்டு வாசலில் வைத்துச் செய்துவிடலாம் என்று குறிப்பிட்டிருந்தோம். அதைப் படித்துவிட்டு ஸ்பேனரைக் கையில் எடுத்த வாசகர்களின் கேள்விகளுக்கே இம்முறை பகுதி முழுவதையும் ஒதுக்கியிருக்கிறோம். 1989 பிப்ரவரியில் சிகாகோ கார் கண்காட்சியில் அறிமுகமாகி 1997 வரை தயாரான இந்த இரண்டு இருக்கைக் கார், வட அமெரிக்காவில் மியாட்டா என்றும் ஜப்பானில் யூனோஸ் ரோட்ஸ்டர் என்றும் விற்கப்பட்டது. 4 லட்சத்துக்கும் மேற்பட்ட கார்கள் வெளிவந்ததால் உதிரிபாகங்கள் இன்றும் கிடைக்கின்றன. 2017-இல் மஸ்டா நிறுவனமே ஜப்பானில் இந்தத் தலைமுறைக்கென ஒரு மறுசீரமைப்புத் திட்டத்தை அறிவித்து, நின்றுபோன பாகங்கள் சிலவற்றை மறுபடியும் தயாரிக்க முன்வந்தது. உரிமையாளர்கள் இணையத்தில் ஒருவருக்கொருவர் பகிர்ந்துகொள்ளும் செய்முறைக் குறிப்புகளுக்கும் பஞ்சமில்லை. அவற்றில் பெரும்பகுதி நல்ல குறிப்புகளே. ஒரு பாகத்தை எப்படி மாற்றுவது என்பதை அவை படத்துடன் விளக்கிவிடும். மாற்ற வேண்டியது அந்தப் பாகம்தானா என்பதை மட்டும் காரின் சொந்தக்காரர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். வந்திருக்கும் கடிதங்களில் பல அந்த இடத்தில்தான் சிக்கி நிற்கின்றன.

கேள்வி: என்னிடம் இருப்பது 1992 மியாட்டா. எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் எண்ணெய் சொட்டுகிறது. பார்த்த மெக்கானிக், கிராங்க் ஷாஃப்ட்டின் (பிஸ்டன்கள் சுழற்றும் முக்கியத் தண்டின்) பின்பக்க ஆயில் சீல் போய்விட்டது, கியர்பாக்ஸை இறக்கித்தான் மாற்ற வேண்டும் என்கிறார். கூலி மிகுதியாக இருப்பதால் நானே இறக்கிவிடலாமா என்று யோசிக்கிறேன். செய்முறை கிடைத்துவிட்டது. — வாசகர், மிசிசாகா

பதில்: கியர்பாக்ஸ் அங்கேயே இருக்கட்டும், முதலில் பானட்டைத் திறந்து மேலே பாருங்கள். இந்த எஞ்சினில் சிலிண்டர் ஹெட்டின் பின்முனையில், ஃபயர்வாலை ஒட்டினாற்போல், கேம் ஆங்கிள் சென்சார் என்றொரு பாகம் இருக்கிறது. வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்ட் என்ற தண்டு எந்த நிலையில் சுழல்கிறது என்பதை எஞ்சினின் கணினிக்குத் தெரிவிப்பது அதன் வேலை. அது ஹெட்டுக்குள் நுழையும் இடத்தில் எண்ணெயைத் தடுத்து நிறுத்துவது ஒரு சிறிய ரப்பர் ஓரிங். முப்பது ஆண்டு வெப்பத்தில் அந்த ரப்பர் இறுகிவிடும். கழற்றிப் பார்த்தால் உருண்டையாக இருந்திருக்க வேண்டிய வளையம் பட்டையாக நசுங்கி, நகத்தால் அழுத்தினால் உள்வாங்காமல் பிளாஸ்டிக்கைப் போல் நிற்கும். அதன் வழியே கசியும் எண்ணெய், ஹெட்டின் பின்புறமாக வழிந்து, ஹீட்டருக்குப் போகும் ரப்பர் குழாய்களை நனைத்து, கியர்பாக்ஸின் மணிவடிவக் கூட்டின் மேல் இறங்கி, அடியிலிருந்து சொட்டும். கீழே படுத்துப் பார்ப்பவரின் கண்ணுக்கு அது பின்பக்க சீலிலிருந்து வருவதாகவே தோன்றும். இந்தத் தலைமுறைக் காரில் அடிக்கடி நேரும் தவறான கணிப்பு இது.

சோதிக்கும் முறை எளிது. ஆறிய எஞ்சினின் பின்புறத்தை டிகிரீசர் தெளித்துச் சுத்தமாகத் துடைத்து உலரவிடுங்கள். பிறகு ஓரிரு நாள் வழக்கம்போல் ஓட்டிவிட்டு, ஒரு சிறு கண்ணாடியும் டார்ச்சும் கொண்டு அந்த இடத்தைப் பாருங்கள். சென்சாருக்குக் கீழோ வால்வ் கவரின் ஓரத்திலோ ஈரம் தெரிந்தால் வழி மேலிருந்துதான். மேற்பகுதி முழுவதும் உலர்ந்திருந்து, கியர்பாக்ஸ் கூட்டின் அடியில் மட்டும் புதிய எண்ணெய் தெரிந்தால்தான் உங்கள் மெக்கானிக் சொல்வதை ஏற்றுக்கொள்ள வேண்டும்.

ஓரிங்தான் காரணம் என்றால், சென்சாரைக் கழற்றுவதற்கு முன் அதன் உடலிலும் ஹெட்டிலும் சேர்த்து ஒரே கோடாகப் பெயின்ட்டால் குறி போட்டுவிடுங்கள். சென்சாரைப் பிடித்திருப்பது ஒரே ஒரு 12 மில்லிமீட்டர் போல்ட்; கை நுழையும் இடம்தான் குறுகல். அந்தச் சென்சாரைச் சற்றே திருப்பினாலும் இக்னிஷன் டைமிங், அதாவது பிளக்கில் தீப்பொறி எழும் நேரம், மாறும் என்பதால், குறியை நேர்ப்படுத்திப் பொருத்திய பிறகும் டைமிங் லைட்டால் சரிபார்ப்பது அவசியம். சூடான எஞ்சினில், பானட்டுக்குள் இருக்கும் டயக்னாசிஸ் பெட்டியில் ‘டென்’, ‘கிரவுண்ட்’ என்ற இரு முனைகளையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்த பிறகே அளவு எடுக்க வேண்டும். அப்போது 10 டிகிரி காட்ட வேண்டும். அந்த முனைகளை இணைக்காவிட்டால் கணினி தன் விருப்பப்படி டைமிங்கை நகர்த்திக்கொண்டிருக்கும். நீங்கள் பார்க்கும் அளவுக்குப் பொருளில்லை. எண்ணெயில் ஊறிய ஹீட்டர் குழாய்கள் உப்பி மெத்தென்று ஆகியிருந்தால் அவற்றையும் கையோடு மாற்றிவிடுங்கள். வால்வ் கவர் கேஸ்கட்டையும் மாற்றுவதாக இருந்தால் ஓர் எச்சரிக்கை: அந்தக் கவரின் போல்ட்டுகளுக்கு வேண்டிய முறுக்கம் ஏறத்தாழ 5 முதல் 9 நியூட்டன் மீட்டர்தான். கசிவை நிறுத்துவதாக எண்ணிப் பலம் கொண்டமட்டும் முறுக்கினால் அலுமினிய ஹெட்டின் மரை பிய்ந்துவிடும். கசிவைவிட அது பெரிய வேலை.

கேள்வி: 1990-இல் வந்த 1.6 லிட்டர் கார் வாங்கியிருக்கிறேன். டைமிங் பெல்ட் எப்போது மாற்றப்பட்டது என்பதற்கு எந்தப் பதிவும் இல்லை. அறுந்தால் எஞ்சின் போய்விடும் என்று நண்பர் பயமுறுத்துகிறார். ‘சின்ன மூக்கு’ கிராங்க் என்று வேறு ஏதோ சொல்கிறார்கள். நானே மாற்றலாமா? — வாசகர், எடிசன், நியூ ஜெர்சி

பதில்: உங்கள் நண்பரின் பயத்தில் பாதியை நீக்கிவிடலாம். டைமிங் பெல்ட் என்பது கிராங்க் ஷாஃப்ட்டின் சுழற்சியைக் கேம் ஷாஃப்ட்டுகளுக்குக் கொண்டுபோவது; இந்த எஞ்சினில் அது அறுந்தாலும் பிஸ்டனும் வால்வும் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளாது. கார் ஓடும் இடத்திலேயே நின்றுபோகும், அவ்வளவுதான். விரைவுச் சாலையின் நடுத்தடத்தில் அப்படி நிற்பதும் நல்லதல்ல என்பதால், பதிவு இல்லாத காரில் பெல்ட்டை மாற்றிவிடுவதே முறை. 60,000 மைல், அதாவது ஏறக்குறைய 96,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுவது வழக்கம். அந்த மூடிகளைத் திறந்துவிட்டால் தண்ணீர்ப் பம்ப், டென்ஷனர், ஐட்லர், கேம் சீல்கள், முன்பக்கக் கிராங்க் சீல் ஆகியவற்றையும் சேர்த்தே மாற்றுவது சிக்கனம். தனித்தனியாகச் செய்தால் ஒரே கூலியை, வீட்டில் செய்பவருக்கு ஒரே விடுமுறையை, இருமுறை கொடுக்க வேண்டியிருக்கும்.

மறு பாதிப் பயம் நியாயமானது. 1990-லும் 1991-இன் தொடக்கத்திலும் வந்த 1.6 எஞ்சின்களில் கிராங்க் ஷாஃப்ட்டின் முன்முனை குட்டையாக இருந்தது; ‘சின்ன மூக்கு’ என்பது இதைத்தான். பின்னர் அதை நீட்டித் திருத்தினார்கள். உங்களுடையது எது என்பதை எதையும் கழற்றாமலே தெரிந்துகொள்ளலாம். காரின் முன்னால் நின்று, கிராங்க் புல்லியின் முகப்பில் இருக்கும் திறப்புகளை எண்ணுங்கள். நான்கு என்றால் பழைய வகை; எட்டு என்றால் திருத்திய வகை. பழைய வகையில் நடு போல்ட் உரிய முறுக்கத்தில் இல்லாவிட்டால், புல்லியை நிலையாகப் பிடித்திருக்கும் சாவிக்கட்டையும் அது அமரும் பள்ளமும் மெல்ல மெல்லத் தேய்ந்து, புல்லி ஆடத் தொடங்கும். புல்லி ஆடினால் அதே முனையில் இருக்கும் டைமிங் பெல்ட் சக்கரமும் இடம் பெயரும். எஞ்சின் இழுவை குறையும். காரணம் தெரியாமல் பிளக், ஒயர் என்று ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே இருப்பீர்கள். எனவே, எஞ்சினை ஸ்டார்ட் செய்து, கையையும் உடையையும் பெல்ட்டுகளிலிருந்து விலக்கி வைத்துக்கொண்டு, அந்தப் புல்லியின் விளிம்பைச் சற்று நேரம் கவனியுங்கள். விளிம்பு ஒரே தளத்தில் சுற்றினால் நல்லது. அலைந்தால் பெல்ட் வாங்குவதற்கு முன்பே விவரம் தெரிந்த ஒருவரிடம் காட்ட வேண்டும். தேய்மானம் குறைவாக இருக்கும்போது லாக்டைட் 660 என்ற, உலோக இடைவெளியில் இறுகும் பசையைக் கொண்டு அந்த இடைவெளியை நிரப்பிச் சரிசெய்த உரிமையாளர்கள் பலர் இருக்கிறார்கள். தேய்மானம் முற்றிவிட்டால் கிராங்க் ஷாஃப்ட்டையோ எஞ்சினையோ மாற்றுவதுதான் வழி.

புல்லி நன்றாக இருக்கும்பட்சத்தில் நீங்களே பெல்ட்டை மாற்றலாம். நடு போல்ட்டைக் கழற்ற நேர்ந்தால் அதே போல்ட்டை மறுபடி போடாமல் புதியது வாங்குங்கள். இரு வகைக் கிராங்குகளுக்கும் முறுக்க அளவு வெவ்வேறு. நீண்ட வகைக்குரிய அளவை உங்கள் வகைக்குப் போட்டுவிடாமல், உங்கள் ஆண்டுக்குரிய ஒர்க்‌ஷாப் கையேட்டில் உள்ளதையே பின்பற்றுங்கள். பெல்ட்டைப் பொருத்திய பின், இரண்டு கேம் புல்லிகளிலும் உள்ள குறிகளுக்கு இடையில் பெல்ட்டின் பற்களை எண்ணினால் 19 வர வேண்டும். எண்ணி முடித்ததும் கிராங்கைக் கையாலேயே இரண்டு முழுச் சுற்று சுற்றிவிட்டு மறுபடியும் எண்ணுங்கள். 18 அல்லது 20 வந்தால் ஒரு பல் தவறியிருக்கிறது. மூடிகளைப் போடுவதற்கு முன் திருத்திவிட வேண்டும். இந்த இரண்டாவது எண்ணிக்கையைச் சோம்பலால் விட்டுவிடுபவர்கள்தான் மறுநாள் முழு வேலையையும் திரும்பச் செய்கிறார்கள்.

கேள்வி: காலையில் ஸ்டார்ட் செய்ததும் எஞ்சினின் மேற்புறத்திலிருந்து தையல் இயந்திரம் ஓடுவதைப் போல டக் டக் என்று ஓசை வருகிறது, சில நிமிடங்களில் நின்றுவிடுகிறது. தடித்த எண்ணெய் ஊற்றினால் சரியாகும் என்கிறார்கள். தவிர, என் 1991 காரில் ஆயில் பிரஷர் முள் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறது. நண்பரின் 1996 காரில் அது அசைவதே இல்லை. என் எஞ்சின் தேய்ந்துவிட்டதா? — வாசகர், ஸ்கார்பரோ

பதில்: இந்த எஞ்சினில் வால்வ் இடைவெளியைத் தானாகவே சரிசெய்துகொள்ளும் ஹைட்ராலிக் லிஃப்டர்கள் உள்ளன. இரவு முழுவதும் நின்ற காரில் அவற்றுக்குள் இருந்த எண்ணெய் வடிந்துவிடுவதால், திரும்ப நிரம்பும் வரை ஓசை வரும். பெரும்பாலும் தீங்கற்றது. தடித்த எண்ணெய் குளிர் காலத்தில் இன்னும் தாமதமாகத்தான் மேலே ஏறும். ஆகவே அந்த யோசனையை உங்கள் ஊரில் கைவிடுங்கள். டிப்ஸ்டிக்கில் அளவைப் பாருங்கள். ஃபில்டரோடு சேர்த்து 1.6 எஞ்சின் கொள்வதே சுமார் 3.6 லிட்டர்தான் என்பதால், அரை லிட்டர் குறைந்தாலும் அதற்குத் தெரியும். எண்ணெய் பழையதாக இருந்தால் கையேட்டில் சொல்லப்பட்ட 10டபிள்யூ-30 அல்லது, கடுங்குளிருக்கு, 5டபிள்யூ-30 ஊற்றுங்கள். பல கார்களில் இரண்டு மூன்று முறை தவறாமல் எண்ணெய் மாற்றியதிலேயே இந்த ஓசை அடங்கியிருக்கிறது. எஞ்சினின் அடியிலிருந்து, ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க வலுக்கும் கனத்த தட்டல் வேறு வகை. அது கேட்டால் எஞ்சினை நிறுத்திவிட வேண்டும்.

முள்ளைப் பற்றிக் கவலை வேண்டாம். 1994 வரை வந்த கார்களில் இருந்தது உண்மையான அழுத்தமானி. எஞ்சின் வேகத்துக்கேற்ப ஏறி இறங்குவது அதன் இயல்பு. 1995 முதல் போட்டது, அழுத்தம் இருக்கிறதா இல்லையா என்பதை மட்டும் சொல்லும் சுவிட்ச். அதனால் அந்த முள் நடுவில் அசையாமல் நிற்கும். இருவரில் நீங்களே கொடுத்துவைத்தவர்.

கேள்வி: ஜப்பானிலிருந்து இறக்குமதியான யூனோஸ் ரோட்ஸ்டர் வைத்திருக்கிறேன். மழை பெய்தால் இருக்கைகளுக்குப் பின்னால் கம்பளம் நனைகிறது. துணிக் கூரை கிழியவில்லை. புதுக் கூரை வாங்கச் சொல்கிறார்கள். — வாசகி, ஹாரோ, லண்டன்

பதில்: கூரைக்குச் செலவு செய்யுமுன் ஒரு தம்ளர் தண்ணீரைச் செலவு செய்யுங்கள். துணிக் கூரையில் விழும் மழைநீர் பின்புறமாக வடிந்து, கூரையின் அடிவிளிம்பில் உள்ள வாய்க்கால் போன்ற பட்டையில் சேர்ந்து, சீட் பெல்ட் கோபுரங்களுக்குப் பின்னால் இரு பக்கமும் உள்ள துளைகள் வழியே இறங்கி, பின் சக்கரங்களுக்குச் சற்று முன்னால் தரைக்கு வர வேண்டும். அந்தத் துளைகளில் இலைச் சருகும் மண்ணும் அடைத்துக்கொண்டால் தண்ணீர் தேங்கி உள்ளே வழியும். கூரையைத் தாழ்த்திவிட்டு, ஒரு பக்கத் துளையில் தண்ணீரை மெதுவாக ஊற்றி, காரின் அடியில் பாருங்கள். ஊற்றிய வேகத்திலேயே கீழே வந்தால் அடைப்பு இல்லை. அப்போது கூரையின் அடிப்பட்டையில் விரிசல் இருக்கிறதா என்று தேட வேண்டும். சொட்டுச் சொட்டாக வந்தாலோ வராமலே போனாலோ அடைப்புதான்.

அடைப்பை நீக்க வளையக்கூடிய, முனை மழுங்கிய பிளாஸ்டிக் கம்பியைப் பயன்படுத்துங்கள். இசைக்கருவிகளின் குழாயைச் சுத்தம் செய்ய விற்கும் நீண்ட பிரஷ் இதற்கு மிகவும் பொருந்தும். இரும்புக் கம்பியைக் குத்தினால் உள்ளிருக்கும் ரப்பர் குழாய் கிழியும். கம்ப்ரசர் காற்றை அடித்தால் அது இணைப்பிலிருந்து கழன்றுவிடக்கூடும். இரண்டிலும் தண்ணீர் நேராகப் பக்கவாட்டுச் சில்லுக்குள், அதாவது கதவுக்கு அடியில் செல்லும் பெட்டி போன்ற இரும்புப் பகுதிக்குள், இறங்கும்.

இந்தக் காருக்கு உண்மையான எமன் அந்தச் சில்லில் பிடிக்கும் துருதான். பல ஆண்டுகளாக வடிகால் அடைத்திருந்த கார்களில் பின் சக்கரத்துக்கு முன்னால் சில் உள்ளிருந்தே அரித்து வருகிறது. வெளியே பெயின்டில் ஒரு சிறு கொப்புளம் தெரியும் நேரத்தில் உள்ளே காகிதக் கனத்துக்கு வந்திருக்கும். பிரிட்டனில் கார் சாலைக்குத் தகுதியானதா என்று பார்க்கும் எம்ஓடி சோதனையில் சீட் பெல்ட், சஸ்பென்ஷன் போன்றவை பொருந்தும் இடங்களைச் சுற்றி 30 சென்டிமீட்டருக்குள் இரும்பு பலமிழக்கும் அளவுக்குத் துரு இருந்தால் கார் தேறாது. அங்கே ஃபில்லரோ ஃபைபர் கிளாஸோ வைத்துப் பூசினால் ஏற்க மாட்டார்கள், இரும்புத் தகடு வைத்து விளிம்பு முழுவதும் தொடர்ச்சியாக வெல்டிங் செய்திருக்க வேண்டும். வெல்டிங் தெரியாதவர்கள் இந்த வேலையை விட்டுவிடலாம். வடிகாலைச் சுத்தம் செய்வதும், சில்லின் உட்புறத்தில் மெழுகு கலந்த துருத்தடுப்புத் திரவம் தெளிப்பதும் நம்மால் முடிந்தவை. நனைந்த கம்பளத்தை முழுமையாக எடுத்து உலர்த்திய பின்னரே திரும்பப் போடுங்கள்.

கேள்வி: பேட்டரி போய்விட்டது. அளவில் பொருந்தும் சாதாரண பேட்டரி பாதி விலைக்குக் கிடைக்கிறது. அதையே வைக்கலாமா? — வாசகர், லெஸ்டர்

பதில்: வைக்கக் கூடாது. இந்தக் காரில் பேட்டரி இருப்பது டிக்கிக்குள், அதுவும் மூடிய இடத்தில். ஆகவே தொழிற்சாலையில் பொருத்தியது அமிலம் ததும்பாத வகை. சார்ஜ் ஆகும்போது வெளிவரும் வாயு ஒரு மெல்லிய குழாய் வழியே காருக்கு வெளியே போய்விடும். சாதாரண பேட்டரியை அங்கே வைத்தால் அமில ஆவி டிக்கியின் தகட்டை அரிக்கும். ஹைட்ரஜன் மூடிய இடத்தில் தங்குவது அதைவிட ஆபத்து. வாயுக் குழாயை இணைக்கும் வசதியுள்ள ஏஜிஎம் (அமிலத்தைக் கண்ணாடியிழை விரிப்பில் தேக்கிவைக்கும்) பேட்டரியை வாங்கி, அந்தக் குழாயை மறக்காமல் மாட்டுங்கள். இந்தக் காரின் பேட்டரி முனைகள் மெலிந்தவை என்பதால் வாங்கும்போது அதையும் ஒப்பிட்டுப் பாருங்கள். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில்.

கேள்வி: பின் பிரேக் பேடுகளை மாற்றும்போது காலிப்பரின் (பேடுகளை டிஸ்க்கின் மேல் அழுத்தும் பாகத்தின்) பிஸ்டன் உள்ளே போக மறுக்கிறது. முன்புறத்தில் சி-கிளாம்ப் வைத்து அழுத்தியதும் போய்விட்டது. பின்புறத்தில் எவ்வளவு முறுக்கியும் அசையவில்லை. காலிப்பர் இறுகிவிட்டதா? பிரேக் ஆயிலை எப்போது மாற்றுவது? — வாசகர், மெல்போர்ன்

பதில்: அசையாமல் இருந்தது உங்கள் அதிர்ஷ்டம், இனி அதில் கிளாம்ப் வைக்காதீர்கள். பின் காலிப்பருக்குள் ஹேண்ட் பிரேக்கின் இயங்குமுறையும் சேர்ந்திருப்பதால், அந்தப் பிஸ்டன் ஒரு திருகுமரையில் நிற்கிறது. அழுத்தினால் போகாது, பலவந்தப்படுத்தினால் மரை கெடும். ஹேண்ட் பிரேக்கை விடுவித்து, முன் சக்கரங்களுக்குக் கட்டை வைத்துவிட்டு, காலிப்பரின் பின்முதுகைப் பாருங்கள். 14 மில்லிமீட்டர் ஸ்பேனருக்குப் பொருந்தும் ஒரு மூடி போல்ட் இருக்கும். அதைக் கழற்றினால் உள்ளே 4 மில்லிமீட்டர் அலன் கீ பொருந்தும் குழி தெரியும். அலன் கீயை இடப்புறமாகத் திருகத் திருகப் பிஸ்டன் தானாகவே பின்வாங்கும். புதுப் பேடுகளை மாட்டிய பின் வலப்புறமாகத் திருகி, பேடுகள் டிஸ்க்கைப் பிடிக்கும் வரை கொண்டுவந்து, அங்கிருந்து ஏறக்குறைய மூன்றில் ஒரு சுற்றுத் தளர்த்துங்கள். டிஸ்க் கையால் சுற்றும்போது உரசாமல் சுழல வேண்டும். மூடி போல்ட்டைத் திரும்பப் போட்டு, காரை நகர்த்துவதற்கு முன் பிரேக் பெடலைப் பலமுறை மிதித்துக் கெட்டிப்படுத்துங்கள். இந்தக் கடைசி வேலையை மறந்து காரை ரிவர்ஸ் எடுத்தால், முதல் மிதியில் பெடல் தரைவரை போகும்.

பிரேக் ஆயிலையும் கேட்டிருக்கிறீர்கள். அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் தன்மையுடையது. டாட் 4 என்ற தர வகைத் திரவத்துக்குப் புதிதாக இருக்கும்போது குறைந்தபட்சக் கொதிநிலை 230 டிகிரி செல்சியஸ். ஈரம் ஏறிய பின் 155 டிகிரி. மலைச் சாலையில் இறங்கும்போது இந்த வேறுபாடுதான் பெடலில் தெரியும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். சிலிகான் அடிப்படையிலான டாட் 5, இதனோடு கலக்காது. பெயரில் எண் கூடுதலாக இருப்பதால் மேம்பட்டது என்று எண்ணி ஊற்றிவிடாதீர்கள். எல்லாவற்றையும் செய்து காற்றையும் வெளியேற்றிய பிறகு பெடல் பஞ்சுபோல் இருந்தால், அந்தக் காரைச் சாலைக்கு எடுக்காமல் மெக்கானிக்கை வீட்டுக்கு அழையுங்கள்.

கேள்வி: இரண்டாம் கியர் குளிரில் முரண்டு பிடிக்கிறது. கிளட்ச் போய்விட்டதென்று புது கிளட்ச் தகடு வாங்கி வைத்திருக்கிறேன். — வாசகர், எட்மன்டன்

பதில்: தகட்டைப் பெட்டியிலேயே வைத்திருங்கள். கிளட்ச் பெடல் ஆழமாகப் போகிறதா, இருமுறை மிதித்தால் கியர் சுலபமாக விழுகிறதா என்று பாருங்கள். ஆம் என்றால் கியர்பாக்ஸின் பக்கவாட்டில் தாழ்வாக இருக்கும், பெடலின் அழுத்தத்தைக் கிளட்சுக்குக் கொடுக்கும் ஸ்லேவ் சிலிண்டரின் ரப்பர் உறையைச் சற்று உரித்துப் பாருங்கள். உள்ளே திரவம் ஈரமாக இருந்தால் கசிவது அதுதான். இந்தக் காரில் அடிக்கடி போகும் பாகம்; விலையும் குறைவு. ஸ்லேவை மட்டும் மாற்றினால் பெரும்பாலும் சில மாதங்களில் மேலிருக்கும் மாஸ்டர் சிலிண்டரும் கசியத் தொடங்குவதால் இரண்டையும் சேர்த்தே மாற்றுவது நலம்.

கசிவே இல்லை, சூடானதும் கியர் ஒழுங்காக விழுகிறது என்றால் எண்ணெயைச் சந்தேகியுங்கள். ஐந்து கியர் பெட்டி 75டபிள்யூ-90 கியர் ஆயிலில் 2 லிட்டர் கொள்ளும். வடிக்கும் பிளக்கைத் தொடுவதற்கு முன் நிரப்பும் பிளக்கைத் தளர்த்திப் பார்த்துவிட வேண்டும். அது துருவில் இறுகித் திறக்காமல் போய், எண்ணெய் முழுவதும் ஏற்கெனவே வடிந்திருந்தால், கார் அங்கேயே நிற்கும். கியர் லீவரின் அடியிலுள்ள ரப்பர் உறை கிழிந்திருக்கிறதா என்றும் அதே நாளில் பார்த்துவிடுங்கள். இருக்கைகளுக்கு நடுவே வெப்பக் காற்று வீசுவதாக இந்தக் காரின் உரிமையாளர்கள் சொன்னால், பெரும்பாலும் காரணம் அந்தக் கிழிசல்தான்.

கேள்வி: ஒன்றுமே தெரியாமல் தொடங்குகிறேன். முதலில் என்ன கருவிகள் வாங்குவது? காரோடு வந்த ஜாக்கி போதுமா? — வாசகி, பர்மிங்காம்

பதில்: காரோடு வந்த ஜாக்கி, வழியில் பஞ்சரானால் சக்கரம் மாற்றுவதற்கு. அதன் மேல் நிற்கும் காருக்கு அடியில் எவரும் போகக் கூடாது. இந்தக் கார் ஒரு டன்னுக்கும் குறைவு என்று பலர் அலட்சியமாகப் பேசுகிறார்கள். நெஞ்சின் மேல் விழுவதற்கு அது போதுமான எடை. ஆகவே முதல் செலவு ஒரு தரமான டிராலி ஜாக்கிக்கும் இரண்டு ஜோடி ஸ்டாண்டுகளுக்கும். முன்புறத்தைக் குறுக்குச் சட்டத்தின் நடுவிலும் பின்புறத்தை டிஃபரன்ஷியலிலும் தூக்கி, கதவுக்கு அடியிலுள்ள மடிப்பு விளிம்பில் வெட்டுக்குறி போட்ட இடங்களில் ஸ்டாண்டுகளை வையுங்கள். அடியில் நீளவாக்கில் ஓடும் மெல்லிய சட்டங்களைக் கண்டு, தூக்கத் தோதான இடம் என்று ஜாக்கி வைத்து நசுக்கியவர்கள் ஏராளம். பல பழைய கார்களில் அந்தத் தழும்பைப் பார்க்கலாம்.

அடுத்தது டார்க் ரென்ச், அதாவது குறித்த முறுக்க அளவுக்கு இறுக்க உதவும் ஸ்பேனர். வீல் நட்டுகளுக்கு 88 முதல் 118 நியூட்டன் மீட்டர். அளவில்லாமல் கால் வைத்து மிதித்து இறுக்குவதால்தான் வழியில் கழற்ற முடியாமல் தவிக்கிறார்கள். 10, 12, 14, 17 மில்லிமீட்டர் சாக்கெட்டுகள் இருந்தால் இந்தக் காரின் பெரும்பகுதியைக் கழற்றலாம். வீல் நட்டுக்கு 21. மிச்சமுள்ள பணத்தில் உங்கள் ஆண்டுக்குரிய ஒர்க்‌ஷாப் கையேட்டை வாங்குங்கள். பிறர் தரும் குறிப்பு எதைப் படித்தாலும் அது எந்த ஆண்டு, எந்த எஞ்சின் என்று முதலில் தேடுங்கள். 1.6 காருக்கு எழுதிய பிரேக் குறிப்பை 1.8 காருக்குப் பின்பற்றிப் பொருந்தாத டிஸ்க் வாங்கிய கடிதங்கள் இம்மாதமும் வந்திருக்கின்றன. ஆண்டும் அளவும் சொல்லாமல், ‘நான் மாற்றினேன், சரியாகிவிட்டது’ என்று மட்டும் சொல்லும் குறிப்பைக் கேட்டு எந்தப் பாகத்தையும் வாங்காதீர்கள்.

கேள்வி: கூரையை மடித்தபோது பின்பக்கப் பிளாஸ்டிக் ஜன்னல் நடுவில் கோடு விழுந்து வெடித்துவிட்டது. தரக்குறைவான பிளாஸ்டிக்கா? — வாசகர், ஒட்டாவா

பதில்: குளிரில் எந்தப் பிளாஸ்டிக்கும் விறைக்கும். கூரையை இறக்குவதற்கு முன் ஜன்னலைச் சுற்றியுள்ள ஜிப்பைத் திறந்து, ஜன்னலை மடியாமல் பின்னால் படுக்கவைத்து, அதன் மேல் ஒரு மென்மையான துண்டை விரித்த பிறகே கூரையை மடிக்க வேண்டும். குளிர் காலத்தில் இறக்கியே தீர வேண்டுமென்றால், ஹீட்டரைப் போட்டு உட்புறம் நன்கு வெதுவெதுப்பான பிறகு செய்யுங்கள். வெடித்த ஜன்னலை மட்டும் புதிதாகத் தைத்துத் தரும் துணிக் கூரைத் தொழிலாளர்கள் இருக்கிறார்கள்; கூரைத் துணி நன்றாக இருந்தால் முழுக் கூரை தேவையில்லை.